ஊல்போல்சுன் என்று எழுத வேண்டாம்

ஏங்க,

அடுப்பில் ஆட்டுக்கறி சூப் இருக்கிறது. மூத்த மகள்கள் இருவரும் பள்ளியிலிருந்து வந்ததும் ரொட்டியோடு கொடுங்கள். சாவி பக்கத்து வீட்டுப் பூபுசாரா அக்காவிடம். சின்னவளைத் தூக்கிக்கொண்டு நாரின் நகர ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

கருத்தடைக்கு எதைக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை. கருப்பையில் வைக்கும் சுருள் பத்து வருஷம் தாங்குமாம், கையில் வைக்கும் குச்சி மூன்று வருஷமாம். "எத்தனை வருஷத்துக்கு வேணும் தாயி?" என்று போன வாரம் நர்ஸ் கேட்டபோது, துணிக்கடையில் அளவு தெரியாமல் நிற்பவள் மாதிரி நின்றேன். "வேணாம்னா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்" என்றார். அது இன்னும் குழப்பிவிட்டது.

நேற்று அவள் பிறந்து நாற்பதாம் நாள். வழக்கப்படி அவள்மேல் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றும்போது உங்கள் அம்மா, "ஊல்போல்சுன், என் தங்கமே" என்று கொஞ்சினார். 'மகன் பிறக்கட்டும்' என்ற அர்த்தத்தில் மகளுக்குப் பெயர்! நான் கேட்டதற்கு, "பேருதானே, விடேன்" என்றீர்கள். பிறகு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டீர்கள். அது சம்மதமா, கோபமா?

அவளைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் என் வாய் ஒரு மகனைக் கேட்கும். உடம்போ இன்னொன்று வேண்டாம் என்று சொல்லும். எதை நம்புவது?

பி.கு: காலையில் அவள் அழுதபோது என்னை அறியாமல் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். சிரித்தாள். பெயருக்கா, என் குரலுக்கா, தெரியவில்லை.

பிறப்புப் பதிவுத் தாளைத் தேடாதீர்கள். பெயர் எழுதாமல் என் பையில் இருக்கிறது. வேறு பெயர் ஒன்று யோசித்து வையுங்கள்.