கையெழுத்து இட்டது நானே

லா சப்பல், பாரிஸ்
09.03.2025

அன்புத் தம்பி றொமேஷ்,

சுகமா? போன் அடித்தால் நீ எடுக்கிறாயில்லை, அதனால் எழுதுகிறேன். பிறெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் மெசின் திருத்துகிற பெரிய மனிசனுக்கு அக்காவோடு கதைக்க ஐந்து நிமிசம் கிடையாதாம்!

அப்பாவின் ஆண்டுத் திருப்பலி முடிந்தது. எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். பூசை முடிய வாசலில் ஒரு பிள்ளை கையெழுத்து வாங்கினாள். அணுகுண்டைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் பிரான்சும் சேர வேண்டுமாம். போட்டேன். கோயில் பட்டியல்களில் வழமையாகச் செய்வது போல உன் பெயரையும் எழுதி, உனக்கும் நானே போட்டேன். குண்டில் செத்த மனிசனின் பிள்ளைகள் போடாமல் வேறு யார் போடுவது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா,
இம்மாகுலேற்

பிறெஸ்ட்
02.04.2025

அன்பு அக்கா,

அந்தப் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வேலைத்தலத்தில் கண்டுவிட்டு என்னை உள்ளே விடுகிறார்கள் இல்லை. உங்களிடம் மறைத்ததற்கு மன்னியுங்கள்: நான் பார்ப்பது கப்பல் மெசின் இல்லை. நீர்மூழ்கிகளில் இருக்கும் அணு ஏவுகணைகளைப் பராமரிக்கிறேன்.

இது கள்ள வேலை இல்லை, அக்கா. ஒரு நாடே அழியும் நிலை வந்தால் அணுகுண்டைப் பாவிப்பது சட்டப்படி சரியா பிழையா என்று முடிவாகச் சொல்ல முடியாது என்று ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றமே 1996இல் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்கும் ஒப்பந்தம் சேராத நாட்டைக் கட்டுப்படுத்தாது.

எனக்குத் தெரியாமல் நீங்களே போட்டதாக எழுதித் தாருங்கள். உங்கள் குடியுரிமை நேர்முகம் வருகிறது, இன்னொருவருக்காகக் கையெழுத்துப் போட்டதை அங்கே கண்டால் பிரச்சினைதான். தெரியும். எனக்கு வேறு வழி இல்லை.

உங்கள் தம்பி,
றொமேஷ்

லா சப்பல், பாரிஸ்
10.04.2025

றொமேஷ்,

கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உண்மைதானே. குடியுரிமை போனால் போகட்டும்.

கையெழுத்து வாங்கின பிள்ளையிடம் அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டேன். இதைப் பாவிப்பது பொதுவாகச் சட்டத்துக்கு விரோதம் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை ஏன் நீ எனக்கு எழுதவில்லை?

ஊரில் சண்டை நேரம் அப்பா கோயிலுக்குள் ஒதுங்கியிருந்தபோதுதான் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. கோயிலுக்குப் போடக்கூடாது என்று சட்டம் அன்றைக்கும் தெளிவாகத்தான் இருந்தது. போட்டவனும் ஒரு சம்பளக்காரன். அவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள், தம்பிக்கு நல்ல வேலை என்று சொல்லியிருப்பாள். ஐந்து வருசமாக இந்த ரூ பஜோல் தெரு முழுக்க நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான்.

உனக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மன்றாட வாய் வரவில்லை. கிடைக்கக் கூடாது என்றும் வரவில்லை. கிடைத்தால் எனக்கு அறிவிக்க வேண்டாம். இனி இஞ்சை வராதே.

இம்மாகுலேற்