கழுவிக் கவிழ்த்த பாட்டில்

என்னங்க,

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. நேற்று நீங்கள் கழுவிக் கவிழ்த்த பாட்டிலில் இருந்தது சருகு இல்லை. லீவு நாளில் பார்த்துக்கொள்ள வகுப்பிலிருந்து நான் கொண்டுவந்த கூட்டுப்புழு. "தொடாதீர்கள்" என்று சீட்டு ஒட்டியிருந்தேன். கேட்டால், "படிச்சேன், மண்டையில ஏறல" என்கிறீர்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான். கடகடவென்று வாசிப்பார்கள், அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்தைப் பத்திக்குப் பத்தி நிறுத்தி, பாட்டிலைக் காட்டிக் காட்டிப் படித்த பிறகுதான் ஒருத்தி வாய் திறந்தாள்: "டீச்சர், அது தூங்கல, உள்ள மாறிக்கிட்டிருக்கு." லீவு முடிந்து இன்று பள்ளிக்குப் போய் அவளிடம் என்ன சொல்வேன்?

சாவி பக்கத்து வீட்டில்.

மறந்துவிட்டேன்: பாலைக் காய்ச்சிவிடுங்கள்.

புத்தகத்தில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. பூச்சி வெளியே வந்ததும் படிக்கலாம் என்று பிள்ளைகளும் நானும் ஒட்டி மூடி வைத்திருந்தோம்.