இடது காலுக்கு ஒரு பேனர்

பிப்ரவரி 6, வெள்ளி

தைப்பூசம் முடிந்துவிட்டது. தைப்பூசச் சண்டை முடியவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் சார்பில் போட்ட தண்ணீர்ப் பந்தலில் ஒரு பேனர் கட்டினார்கள். அதில் தலைவரான அப்பாவின் படத்தைவிடத் துணைத்தலைவர் தர்மலிங்கம் அங்கிளின் படம் பெரியதாம். அப்பா நேரில் போய் முழம் போட்டு அளந்திருக்கிறார். பக்தர்கள் மோர் குடிக்க வரிசையில் நிற்க, தலைவர் துணைத்தலைவரின் முகத்தை அளந்துகொண்டிருந்த காட்சியை நான் பார்க்காமல் போனது என் துரதிர்ஷ்டம்.

"நீயும் அன்னிக்கு வேலைக்குப் போயிட்ட, சாட்சிக்கு ஆள் இல்ல" என்று என்மீது வேறு வருத்தம். நான் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் கணினிச் சிப் பார்க்கிற வேலை செய்கிறவள். அதில் தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். படத்தின் அளவு பார்க்க இல்லை என்றேன். இரவு சாப்பாட்டுக்கு அப்பா என்னோடு உட்காரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பாவுக்கு ஸ்ட்ரோக்.

எழுதினால்தான் நம்ப முடிகிறது. காலையில் தேநீர்க் குவளை இடது கையிலிருந்து நழுவியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்பா வழக்கம்போல தர்மலிங்கம் அங்கிள் சிரிப்பதைப் போல நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்திருக்கிறாள். "நான் சிரிச்சேன்டி அன்பு... அவரு விழுறாரு, நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்." ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

பக்கத்து வீட்டுப் புவனேசன் அண்ணன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். என் கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில் கிடந்தது. நான் வந்து சேரும்போது அப்பாவைச் சுற்றிக் குழாய்கள்.

கடைசியாக அவரிடம் பேசியது சிப், தூசி, சம்பளம். என்ன வாய் எனக்கு?

பிப்ரவரி 9

ஐ.சி.யு. இடது கை, இடது கால் இரண்டும் அசையவில்லை. கண் திறந்தார். அம்மாவைப் பார்த்தார்.

பிப்ரவரி 11, புதன்

பார்க்க வருகிறவர்களைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு ஸ்ட்ரோக் வந்துவிடும்.

கோயில் கமிட்டி இரண்டு தவணையாக வந்தது. அப்பா கட்சியும் தர்மலிங்கம் கட்சியும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. இரண்டு கட்சியும் மைலோ பானப்பொடி டின் கொண்டுவந்தன. மூக்கில் குழாய் போட்டிருப்பவருக்கு மைலோ! ஒருவர் மட்டும் மெதுவாக என்னைத் தனியே அழைத்து, "டாக்டர் என்னம்மா சொல்றாரு? மே மாசம் ஆண்டுக்கூட்டம் வருது, அதான் கேட்டேன்" என்றார்.

யோகேஸ்வரி அத்தை, அப்பாவின் தங்கை, புறா ரத்தம் தேய்த்தால் கை கால் வரும் என்கிறாள். பீடோங்கில் புறா வளர்க்கிறவரின் எண்ணையும் கையோடு வாங்கி வந்திருக்கிறாள். சிங்கப்பூரிலிருக்கும் என் தம்பி குகன் வீடியோ அனுப்புகிறான். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பூண்டு சாப்பிடச் சொல்கிறார். "நீ வாடா" என்றேன். "லீவு கேட்டிருக்கேன்லா" என்றான்.

தர்மலிங்கம் அங்கிள் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். போகும்போது அப்பாவின் நல்ல படம் ஒன்று கேட்டார், பிரார்த்தனைக்காம். எவ்வளவு பாசம் என்று நினைத்து நானே கைப்பேசியிலிருந்து அனுப்பி வைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேச்சு குழறினாலும் புரிகிறது, கஞ்சி விழுங்குகிறார். சக்கர நாற்காலி. புவனேசன் அண்ணனின் சித்தப்பா வேன் ஓட்டினார்.

எங்கள் சாலைக்குள் திரும்பியதும் பார்க்கிறோம். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலைந்து பேர். யோகேஸ்வரி அத்தை தலைவிரிகோலமாக நிற்கிறாள். கேட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர்.

கண்ணீர் அஞ்சலி.

மேலே மாரியம்மன். நடுவில் அப்பா, நான் அனுப்பிய அதே படம். கீழே கைகூப்பியபடி, அப்பாவைவிட இரண்டு மடங்கு பெரிதாக, தர்மலிங்கம் அங்கிள். 'மறைவு' என்று போட்டுத் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

பேனர் கடைக்காரனுக்கு நாளையிலிருந்து சீனப் புத்தாண்டு விடுமுறையாம். அதனால் கையிலிருந்ததையெல்லாம் இன்றே பட்டுவாடா செய்துவிட்டான். அஞ்சலி பேனர் என்றால் வீட்டு வாசலில்தானே கட்டுவார்கள்? நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் பார்த்துக் கட்டிவிட்டுப் போய்விட்டான். அதைப் பார்த்து எதிர்வீட்டார் நாற்காலி போட்டார்கள். நாற்காலியைப் பார்த்து அத்தை அழுதாள். எங்களுக்குப் போன் செய்ய மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. துக்க வீட்டில் போன் செய்து தொந்தரவு கொடுக்கக்கூடாதாம்!

அப்பா வேனுக்குள்ளிருந்தே முழுக்க வாசித்தார். அத்தை அவரைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதாள். அம்மா காய்கறி வெட்டும் கத்தியோடு போய்ப் பேனரை அறுத்து இறக்கினாள். அப்படி ஒரு கோபத்தில் அவளை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 16

தர்மலிங்கம் அங்கிளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக விளக்கம் கொடுத்தார். போன வருஷம் செயலாளரின் தாயார் இறந்தபோது பேனர் கருமாதிக்குத்தான் வந்ததாம். கூட்டத்தில் கமிட்டியைக் கிழித்துவிட்டார்களாம். அதிகம் கிழித்தது அப்பாதானாம். "இந்தத் தடவை பேர் கெட்டுடக் கூடாதேன்னு முன்னேற்பாடா... கடையும் மூடப் போறான்... டாக்டர் கைய விரிச்சுட்டாருன்னு வேற சொன்னாங்க. அண்ணனே சொல்லுவாரும்மா, எதையும் முன்கூட்டிச் செய்யணும்னு."

அப்பா அப்படிச் சொல்வது உண்மைதான். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

பேனரைவிடப் பேனருக்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. அப்பா எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஹனிஸ், என்னைவிடச் சின்னப் பெண், இன்று ஆஸ்பத்திரியில் கெஞ்சிப் பார்த்தாள். "பாக் சிக், காக்கி கிரி, காக்கி கிரி!" மாமா, இடது கால் என்று மலாயில் தூக்கச் சொல்கிறாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

வெளியே வந்து ஹனிஸ் என்னிடம் மலாயில் சொன்னாள். முதல் சில மாதங்கள்தான் முக்கியம். இப்போது நடக்காவிட்டால் பிறகு நடப்பது கஷ்டம். தரையில் அடையாளம் ஏதாவது வையுங்கள், பார்த்துக் காலை வைக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"அதான்... போயாச்சுன்னு போட்டாங்கல்ல. எல்லாரும் அழுதும் ஆச்சு. இனி என்ன?"

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத? பயமாக இருக்கு.

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை ஷிப்ட். மாலையில் வந்தால் கூடத்தில் தரை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி!

அம்மா கத்தரிக்கோலால் மாரியம்மனை மட்டும் பத்திரமாக வெட்டியெடுத்துச் சாமி அறையில் ஒட்டியிருந்தாள். அம்மன் மேல் கால் படக்கூடாதல்லவா? மிச்சத்தை விரித்து, வழுக்காமல் நாலு பக்கமும் டேப் போட்டிருந்தாள். அப்பாவை நடக்க உதவும் வாக்கர் சட்டத்தைப் பிடிக்க வைத்து, பின்னால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"அடையாளம் வைக்கச் சொன்னாங்கல்ல அந்தப் பொண்ணு? இதைவிடப் பெரிய அடையாளம் எங்க கிடைக்கும்? வைங்க, அந்த மூஞ்சில காலை வைங்க!"

அப்பா குனிந்து பார்த்தார். தர்மலிங்கம் அங்கிள் கீழிருந்து கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடது கால் ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தது. தொடை நடுங்கியது. நெற்றியில் வேர்த்தது. பிறகு கால் நகர்ந்தது. இழுத்தபடிதான் போனது, ஆனால் போனது. தர்மலிங்கத்தின் கூப்பிய கைகளைத் தாண்டிப் போய்த் தாடையில் நின்றது.

"இன்னும் மேல" என்றார் அப்பா. அவராகச் சொன்னார்!

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அம்மா அழவில்லை. அவளுக்கு அழ நேரமில்லை, மூக்கு வரை போக வேண்டியிருந்தது.

மார்ச் 11

நேற்று மூக்கு. இன்று நெற்றி.

மார்ச் 13, வெள்ளி

குகன் வந்திருக்கிறான். கூடத்தைப் பார்த்துவிட்டு, "அபசகுனம், தூக்கிப் போடுங்கம்மா" என்றான். வந்த அரை மணி நேரத்தில் வீட்டை நிர்வாகம் பண்ணத் தொடங்கிவிடுகிற பிள்ளை.

அப்பா சொன்னார்: "தேதி போடுற எடம் காலியாத்தானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

ஹனிஸிடம் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினேன். நடையைப் பார்த்துக் கை தட்டினாள். தமிழ் வாசிக்கத் தெரியாததால், தரையில் இருப்பது குடும்பத்துப் பெரியவரா என்று பயபக்தியோடு கேட்டாள். உண்மையைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். காலுக்கு வழி கிடைத்துவிட்டது, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க வைக்கத்தான் எந்த வழியும் பலிக்கவில்லை என்றாள். அதற்கு எந்தப் பேனரைத் தேடுவது?

மார்ச் 22, ஞாயிறு

நோன்புப் பெருநாளுக்கு எங்கள் தொழிற்சாலைப் பிரிவு மூடல். வீட்டில் இருந்தேன். இருந்ததால் பார்த்தேன்.

மாலை அப்பா நடந்துகொண்டிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம். தர்மலிங்கம் அங்கிள், கையில் ஆரஞ்சுப் பையோடு. பேனர் நாளுக்குப் பிறகு முதல் தடவை. சுருட்டி மறைக்க நேரமில்லை. அப்பா அப்போது இடது காலைத் தூக்கியிருந்தார், நேர்க் கீழே அங்கிளின் முகம்.

அங்கிள் தன் முகத்தைப் பார்த்தார். மூக்கு ஏற்கெனவே தேய்ந்து வெளுத்திருந்தது. ஒரு கண்ணும் போய்விட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் பெரிய சங்கடம். என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்த மனுஷன் எதிரில் நிற்கிறான், அவன் முகத்தில் எப்படிக் கால் வைப்பது? காலை வைக்கவும் முடியவில்லை, தூக்கியே வைத்திருக்கவும் தெம்பில்லை. சட்டத்தோடு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார்.

"வைங்கண்ணே! வைங்க, விழுந்துருவீங்க!"

ஆரஞ்சுகள் உருண்டன. அங்கிள் பாய்ந்து வந்து அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்தார். அப்பா காலை வைத்தார். சரியாக நடு நெற்றியில்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அங்கிள் பிடியை விடாமலே சொன்னார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்தப்ப எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. கையும் ஓடல, காலும் ஓடல. ஏதாச்சும் செய்யணும் போல இருந்துச்சு. எனக்குச் செய்யத் தெரிஞ்சது பேனர்தானே."

"அதுக்கு உன் படத்தை இவ்ளோ பெருசாவா போடுவ?" என்றார் அப்பா.

"கடைக்காரன் பண்ணதுண்ணே."

"பொய்."

"ஆமாண்ணே."

அம்மா தேநீர் போட உள்ளே போனாள். சீனி கொஞ்சம் தூக்கலாகவே போட்டாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஏப்ரல் 9

தர்மலிங்கம் அங்கிள் தினமும் வருகிறார். அப்பாவைப் பிடித்துக்கொண்டு பழைய ரப்பர் காட்டுச் சாலையில் நடக்கிறார். நடக்கிற நேரமெல்லாம் கோயில் சண்டை. சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே ஓய்வெடுக்கிறார்கள் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நான் மறுபடி ஷிப்டுக்கு ஒழுங்காகப் போகிறேன்.

மே 8, வெள்ளி

ஆண்டுக்கூட்டம். அப்பா இனி தலைவர் பதவிக்கு நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லாவிட்டாலும் அம்மா சொல்லியிருப்பாள். கைத்தடியோடு தானே நடந்து மண்டபத்துக்குள் போனார். எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். முன்வரிசையில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

தலைவர் பதவிக்கு ஒரே பெயர்: தர்மலிங்கம். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். மேடையில் அங்கிள் ஏற்கெனவே ஏற்புரைக் காகிதத்தைப் பிரித்துவிட்டார். முன்னேற்பாடு!

"யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா கையத் தூக்கலாம்" என்றார் செயலாளர், வழக்கத்துக்காக.

என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. அப்பாவின் வலது கை கைத்தடியைப் பிடித்திருந்தது. எழுந்தது மற்றது. மடியிலிருந்து, நெஞ்சு வரை, ஆடி ஆடித் தோள் வரை, அப்புறம் தோளுக்கும் மேலே. விரல்கள் விரிந்தன.

"யாரது இடது கையத் தூக்குறது? வலது கையத் தூக்கச் சொல்லுங்கய்யா" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்.

மேடையில் அங்கிள் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார். "அண்ணே! இடது கை! அண்ணி, பாருங்க, இடது கை!" மைக் கிறீச்சிட்டது. அவர் அழுதுகொண்டே கை தட்ட ஆரம்பித்தார். என்னவென்று தெரியாமல் மண்டபமே கை தட்டியது. தனக்கு எதிராக விழுந்த ஒரே ஓட்டுக்கு இப்படிக் கை தட்டிய தலைவர் கெடா மாநிலத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. "எழுதிக்குங்க, ஒரு எதிர்ப்பு" என்று செயலாளரிடம் பெருமையாகச் சொன்னார்.

அம்மா காரில் அந்தக் கையை விடவே இல்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

"தூக்குனதுதான் தூக்குனீங்க, அந்த மனுஷனுக்கு ஆதரவாத் தூக்கியிருக்கக் கூடாதா?"

அப்பா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதரவுக்கு இவ்ளோ ஒசரம் வராதுலா புஷ்பா" என்றார்.