கடைசி அத்தியாயத்தில் திரும்பியவன்

12 நவம்பர் 1986, புதன்

நான் தட்டச்சு செய்து கொடுக்கும் ஆங்கிலேயப் பெண்மணி நூற்றுக்கு மேல் காதல் நாவல்கள் எழுதியவர். இன்று முடித்த கதையில் நாயகனை இராணுவம் பிடித்துப் போகிறது. என் கணவரைப் பற்றி நான் சொன்னதுதான். அன்று அவர் போட்டிருந்த நீலச் சட்டைகூட மாறவில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவன் வீடு திரும்புகிறான்.

“என் வாசகர்கள் அழுதுகொண்டு புத்தகத்தை மூடக்கூடாது,” என்றார்.

பாரிஸின் லா சப்பல் பகுதியில் உள்ள எங்கள் அறைக்கு வந்ததும் கணவரின் தங்கையிடம் இதைச் சொன்னேன்.

“அப்ப எங்கட அண்ணையும் வந்திடுவார் மச்சாள்,” என்று சிரித்தாள்.

அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் வந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அதை அவளிடம் சொல்லிவிடத்தான் இந்தப் பேச்சையே எடுத்தேன். அவள் சிரித்து ஒரு வருடமிருக்கும். கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.