நீங்கள் மனம் மாறவில்லை, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

மேலுலகம் என்று ஒன்று உண்டென்று நீங்கள் நம்பியதில்லை. ஆகவே இது உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கேட்க வேண்டியவர்கள் இங்கே உயிரோடுதான் இருக்கிறார்கள்.

காந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் ஓட்டியவருக்கு இத்தனை வெள்ளை வேட்டிகள் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பொன்னுசாமி மாமா காரை விட்டு இறங்கியதும் புரிந்தது. தேர்தல் வருகிறது.

மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இளவயதில் தனிநாடு கேட்டு நீங்கள் இருவரும் ஒரே மேடையில் பேசியவர்கள், ஒரே சிறையில் களி தின்றவர்கள். பிறகு, பிரிவினை பேசுகிறவர் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டம் வந்தது. கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. அடுத்த தேர்தலில் உங்களுக்குத்தான் சீட்டு. ஆனால் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு மற்றதை மனசுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார் மாமா.

"வாய் ஒண்ணு மனசு ஒண்ணுன்னா, இத்தன நாளு மேடையில பேசுனது எதுல பொன்னுசாமி?" என்று கேட்டீர்களாம். அந்தச் சீட்டை அவரே வாங்கிக்கொண்டார். நீங்கள் லேத்துக்குத் திரும்பினீர்கள். அவர் சட்டசபைக்குப் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார்.

நானும் உங்களோடு ஒத்துப்போனவள் இல்லை. தனிநாடு வந்தால் காவிரித் தண்ணீரை யாரிடம் போய்க் கேட்பீர்கள், பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எங்கே போவார்கள் என்றெல்லாம் சோறு ஆறிப்போகும்வரை சண்டை போட்டிருக்கிறேன். "கேளு கண்ணு, நல்லாக் கேளு" என்பீர்கள். சிலவற்றுக்கு உங்களிடம் பதில் இருந்ததில்லை. இருப்பதாக நடித்ததும் இல்லை.

மாமா நடித்தார். ஆஸ்பத்திரியில் நீங்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, தனிநாடு கேட்டது தப்பு என்று கண்கலங்கினீர்களாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரும் கொஞ்சம் கலங்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, அவரு எப்பங்க அப்படிச் சொன்னாரு? கடைசி மட்டும் கட்டிலுக்குப் பக்கத்துல நாந்தானுங்க இருந்தேன். நீங்க வரவே இல்லீங்களே."

மாமா சிரித்தார், அப்பா. துக்கத்தில் பேசுகிறார் என்று மைக்கிலேயே அம்மாவை மன்னித்துவிட்டு, ஒரு வாய் சோடா குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முன்பொரு நாள் அவர் கைவிட்டது கோரிக்கையை மட்டும்தானா?

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காலம் கெட்டுக் கெடக்குது அம்மணி. பிரிவினைன்னு பேச்செடுத்தாலே உள்ள தூக்கிப் போடறாங்க. நீ கவர்மெண்டு டீச்சரு. அப்பா மனசு மாறிட்டாருன்னே இருந்துட்டுப் போகட்டும். உனக்குத்தான் நல்லது." நினைவு மலருக்கு நானும் அப்படியே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். செத்தவரின் வாயைத் திருத்த, மகளின் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

பயந்தேன். தடா சட்டத்தில் உள்ளே போனவர்களின் வீட்டு வாசல்களை நானும் பார்த்திருக்கிறேன். என் வேலை போனால் அம்மாவுக்கு யார்? அவளிடமே கேட்டேன். "எழுதறதுன்னா நெசத்த எழுது. இல்லீன்னா சும்மா இரு" என்றாள். நடந்ததை எழுதி அனுப்பினேன்.

மலர் வந்துவிட்டது. உங்கள் படம் சின்னதாக, மாமாவின் படம் முழுப் பக்கத்துக்கு. நான் எழுதியது அதில் இல்லை. அதனால்தான் இந்தச் சின்னப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதன் ஆசிரியருக்கும் பயம்தான். இருந்தும் போடுகிறேன் என்றார்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து யார் விசாரித்தாலும் ஒளிக்கமாட்டேன். அப்பா தனிநாடு கேட்டார், நான் கேட்கவில்லை என்பேன். நீங்கள் தோற்றுப்போனீர்கள் என்று சொன்னால் ஆமாம் என்பேன். மனம் மாறினீர்கள் என்று சொல்ல மட்டும் எவரையும் விடமாட்டேன்.

கடைசிவரை உங்களோடு சண்டை போட்ட,
உங்கள் மகள்