காகிதத்தைத் துவைத்தவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பள்ளிக்கூடம் போக வண்டியில் ஏறியவுடன் கண்ணாடியை இறக்கிவிட்டாள். ஏசி ஓடும்போது இறக்காதே என்று எத்தனை தடவைதான் சொல்வது? கேட்டால், "ஈர நாய் வாடை அடிக்குது" என்கிறாள்.

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. பதினான்கு வருடமாக ஓட்டல் லாண்டரியில் மேற்பார்வை பார்க்கிறேன். ஒரு விரிப்பைச் சரியாகக் காயாமல் மடித்திருந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அங்கே எனக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. அந்த மூக்குக்கு எட்டாத வாடை பதினொரு வயதுப் பெண்ணுக்கு எட்டுகிறதாம்.

அவளுடைய அப்பாவைக் கேட்டேன். "லேசா இருக்கு போல" என்றார். இருக்கிறதா இல்லையா, இரண்டில் ஒன்று அந்த மனிதர் வாயிலிருந்து வராது.

மார்ச் 6, வியாழன்

எலுமிச்சை வாசனை வில்லை ஒன்று வாங்கி ஏசி துவாரத்தில் மாட்டினேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை பேசாமல் வந்தாள். இறங்கும்போது, "இப்ப ஈர நாய் எலுமிச்சம்பழம் தின்ன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். அடுத்த சிக்னலில் தனியாகச் சிரித்தேன்.

மார்ச் 10, திங்கள்

மூக்கில் கைக்குட்டை. இருபது நிமிடமும் அப்படியே.

கல்யாணமாகி எட்டு மாதம். அவளுடைய அம்மா போய் நான்கு வருடம். இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும் இருக்கிற நேரம் என்று பார்த்தால் காலையில் இந்த இருபது நிமிடமும் புதன்கிழமை நீச்சல் வகுப்பிலிருந்து திரும்புகிற நேரமும்தான். அந்த நேரத்திலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டால் நான் என்ன நினைப்பது? நாற்றம் வண்டியிலா, என்னிடமா?

இதை அவரிடம் கேட்க முடியாது. "லேசா" என்பார்.

மார்ச் 12, புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நீச்சல் முடிந்து வந்தாள். கூடவே அவள் வகுப்புத் தோழி, இரட்டைச் சடை போட்ட பெண். வழியில் இறக்கிவிடச் சொன்னாள், சரி என்றேன். இரண்டு பேரும் பின்னால் ஏறினார்கள். ஏறினதும் இவள் வழக்கம்போல மூக்கைப் பொத்தினாள். தோழியும் அதைப் பார்த்துப் பொத்தினாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. இவளுடைய பையைத் திறந்து ஈரத் துண்டை வெளியே இழுத்தேன்.

"நாத்தம் இதுலதான். ஈரத்தோட சுருட்டி மூடி வெச்சா நாறாம என்ன செய்யும்? எங்க லாண்டரிக்கு இப்படி ஒரு துண்டு வந்தா கையாலகூடத் தொட மாட்டோம்."

தோழியை வழியில் இறக்கிவிட்டோம். வீட்டுப் படியேறும்போது முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நாளையிலேர்ந்து நான் பஸ்ல போய்க்கிறேன்."

மார்ச் 13, வியாழன்

பஸ்ஸில் போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. ஐம்பது நிமிடம். அதற்காக ஆறரை மணிக்கே கிளம்புகிறாள். தலையைத் தானே வாரிக்கொள்கிறாள், வகிடு கோணல். சொன்னால் அதற்கும் ஒரு கோபம் வரும் என்று சொல்லவில்லை.

"ரெண்டு நாள்ல சரியாயிடுவா" என்று அவர் சொல்லி நான்கு நாளாகிறது. இதில் அவருக்கு ஒரு வசதி. எங்கள் இரண்டு பேரில் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை.

மார்ச் 20, வியாழன்

காய்ச்சலால் திங்கள் மதியத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை. வண்டியும் பூட்டியே கிடந்தது. இன்று கதவைத் திறந்தேன். ஐயோ. குப்பென்று அடித்தது. திங்கள்கிழமை காலைகளில் லாண்டரி மூலையில் மக்கிக் கிடக்கும் குவியலின் வாடை, அச்சு அசல் அதே வாடை.

லாண்டரியிலும் இப்படித்தான். விடுப்பு முடிந்து போனால் முதல் கால்மணி நேரம் எல்லாம் நாறும், அப்புறம் ஒன்றும் தெரியாது. தினமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எந்த மூக்குக்குத் தெரியும்?

பால்கனியில் அவள் துண்டு. தானே துவைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து, இரண்டு கிளிப் போட்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு முகர்ந்தேன். சோப்பு வாசனை மட்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 22, சனி

ஏசி மெக்கானிக்கிடம் போனேன். டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து காற்று ஃபில்டரை உருவினார். கறுப்புப் புள்ளி பூத்து, உப்பி, நெளிந்து போயிருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரும்மா துவைச்சது?"

"நான்தான்."

"காகிதம்மா இது. மாத்தணும், துவைக்கக் கூடாது."

போன வருடம் வண்டி கழுவுகிறவர் இதைக் கழற்றிக் காட்டி, அழுக்காகிவிட்டது, மாற்றுங்கள் என்றார். மாற்றுவதாவது! லாண்டரி சோப்புத்தூளில் ஊறவைத்துக் கசக்கினேன். அரைமணி நேரம் வெயிலில் காட்டிவிட்டு ஈரத்தோடு திரும்பச் சொருகினேன். எதையும் துவைத்தால் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். வீட்டில் அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வேறு.

தண்ணீர் வடியும் குழாயும் அடைத்திருந்தது. மெக்கானிக் குத்திவிட்டதும் டீ நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. உள்ளே நுரை மருந்து அடித்துக் கழுவி, புது ஃபில்டர் போட்டார். "வண்டிய நிறுத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசிய அணைச்சிட்டு ஃபேன மட்டும் ஓட விடுங்க. உள்ள இருக்கிற ஈரம் காயும். ஈரத்தோட மூடி வெச்சா நாறாம என்ன செய்யும்?"

நான் சொன்ன அதே வார்த்தை. அந்த மனிதர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் யாரோ தலையில் குட்டினதுபோல இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

துணியைக் கெடுத்துவிட்டால் லாண்டரியில் ஒரு வழக்கம் உண்டு. 'வருந்துகிறோம்' என்று அச்சடித்த சின்ன அட்டையை அதில் குத்தி அனுப்புவோம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கைப்பையில் ஓர் அட்டை இருந்தது. அவள் துண்டில் குத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். சீ, இதைவிடக் கோழைத்தனம் உண்டா என்று கிழித்துப் போட்டேன்.

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"தப்பு என் மேல. நாத்தம் உன் துண்டுல இல்ல. நான் ஒரு காகித ஃபில்டரத் துவைச்சு உள்ள வெச்சிருந்தேன்."

"காகிதத்தையா துவைச்சீங்க?"

"ஆமா."

"சோப்பு போட்டா?"

"ஊறவெச்சு."

உதடு கொஞ்சம் துடித்தது. சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு அவ எதிர்ல சொன்னீங்க. அவ கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறா."

பத்து நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள், படித்திருக்கிறாள். நானோ, என்னைப் பிடிக்கவில்லையோ, என்னைப் பிடிக்கவில்லையோ என்று என்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்" என்றாள்.

மார்ச் 26, புதன்

ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி நீச்சல் குளத்து வாசலில் நின்றேன். லாண்டரியில் முப்பது பேரை அதட்டுகிற நான், சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தார்கள், ஏழெட்டுப் பேர். இரட்டைச் சடையும் இருந்தாள். இவள் கடைசியாக, தனியாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

இரட்டைச் சடையைக் கூப்பிட்டேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன், என் குரல் எனக்கு அடங்காது, எல்லோருக்கும் கேட்டது. "அன்னைக்கு வண்டியில நாறினது இவ துண்டு இல்லம்மா. என் வண்டிதான். காகிதத்த சோப்பு போட்டுத் துவைச்சு ஈரத்தோட உள்ள வெச்சது நான். பழிய இவ மேல போட்டேன். தப்பு என்னோடது."

"காகிதத்தையா ஆன்ட்டி துவைச்சீங்க?"

"காகிதத்தைத்தான்."

அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பையன் தன் நோட்டைத் துவைத்துத் தரமுடியுமா என்று கேட்டான். சிரிக்கட்டும். இரட்டைச் சடை என்னையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சாரிடி" என்றாள், பாதி காதில் விழாத மாதிரி. இவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன உரிமை?

மார்ச் 27, வியாழன்

பஸ்.

மார்ச் 28, வெள்ளி

பஸ். ஆனால் சாயங்காலம், கேட்காமலேயே, "அவ இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்தா" என்று சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே "அப்படியா" என்றேன். கொதிக்காத குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் அவர், "இந்த மாசத்துக்கு பஸ் பாஸ் எடுக்கணுமாடா?" என்று கேட்டார்.

வாயில் தோசையோடு சொன்னாள்: "வேணாம்பா. அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசிய அணைக்க இவங்க மறந்துடுவாங்க. யாராவது கூட இருந்து பார்த்துக்கணும்."

மெக்கானிக் சொன்னதை நான் அவரிடம் சொன்னது இவள் காதிலும் விழுந்திருக்கிறது. முன் சீட்டில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துத் தெரு முனை வந்தது. அங்கிருந்து லாண்டரி ஐந்து நிமிடம்தான், அணைக்க வேண்டிய இடம் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"பார்த்தீங்களா" என்று சொல்லி, கையை நீட்டி அவளே அணைத்தாள்.