இரண்டில் ஒரு நிபந்தனை

மார்ச் 4, செவ்வாய்
மூன்று நகரங்களின் கோப்புகள் மேசையில். மின்சாரப் பேருந்தை யார் எப்படி வாங்கினார்கள் என்று ஒப்பிட்டு, எங்கள் போக்குவரத்துக் கழகத்தின் இருபதாம் தேதிக் கூட்டத்துக்கு அறிக்கை தர வேண்டும். முதல் நகரம் கடன் எடுத்துச் சொந்தமாக வாங்கியது. கடன் தீருமுன் பேட்டரி தீர்ந்துவிட்டது. இரண்டாவது, குத்தகை: வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை. மூன்றாவதுதான் எங்கள் மேலாளருக்குப் பிடித்தது. வண்டி, ஓட்டுநர், பழுதுபார்ப்பு எல்லாம் ஒரு தனியார் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஓடிய கிலோமீட்டருக்கு மட்டும் பணம் தந்தால் போதும்.

பழுதுபார்ப்பும் — இவர், என் வீட்டுக்காரர், எங்கள் டிப்போவில் டீசல் மெக்கானிக். இருபத்தோரு வருஷம்.

மார்ச் 11
மூன்றாம் நகரத்துக்குப் போன் செய்தேன். கணக்குப் பிரிவில் ஓர் அம்மா, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாலு மாசம் நாங்க கம்பெனிக்குப் பணம் கொடுக்கல. ஒருநாள் காலையில ஒரு வண்டிகூட வெளிய வரல. எங்க அக்கா டயாலிசிஸுக்குப் போகணும். ஸ்டாப்புலயே உட்கார்ந்திருந்தா."

அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்காமலே போனை வைத்தேன்.

மார்ச் 13
சாப்பிடும்போது இவர் கேட்டார். "எங்க ஆளுங்களை என்ன பண்ணப் போறீங்க? டிப்போ பூரா உன் பேச்சுதான்."

இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்றேன்.

மார்ச் 17
அறிக்கையில் மூன்றாவது வழியையே பரிந்துரைத்து, இரண்டு நிபந்தனைகள் சேர்த்தேன். ஒன்று: கம்பெனிக்குத் தர வேண்டிய மூன்று மாதப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும்; வேறெதற்கும் தொடக்கூடாது. இரண்டு: பழுதுபார்ப்பு நம் மெக்கானிக்குகளிடமே இருக்க வேண்டும்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாவது, வீட்டுக்காரருக்காகவா?"

அவருக்காகத்தான். அவருக்காக மட்டுமா? தெரியலையே.

மார்ச் 20
கூட்டம். தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "நிதிக்குழு ரெண்டுக்கும் ஒத்துக்காது. மூணு ஊரையும் அலசிப் பார்த்தவங்க நீங்கதான். எது இல்லாம முடியாது, சொல்லுங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகம் தெரியாத அந்த அக்கா, இவர், இவருடைய கூட்டாளிகள் — எல்லோரும் அந்த அறையில் நிற்பது மாதிரி இருந்தது. தனிக் கணக்கு என்றேன். என் குரல்தானா அது?

மார்ச் 21
இவர்கிட்ட சொல்லிட்டேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அறுபத்திரண்டு பேரு," என்றார். "அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

என்ன பண்ணிட்டேன் நான். என்ன பண்ணிட்டேன்.

ஏப்ரல் 2
இன்னும் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

நவம்பர் 3, திங்கள்
புதுப் பேருந்துகள் இன்று முதல். போன வெள்ளிக்கிழமையோடு இவருக்கு வேலை போய்விட்டது. அலுவலகத்துக்குக் கிளம்பினேன்; கூப்பிடாமலே நிறுத்தம்வரை கூட நடந்து வந்தார். வண்டி வந்து நின்றது. குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் காது வைப்பதுபோல் நின்றார்.

"சத்தமே இல்ல," என்றார், என்னிடமா வண்டியிடமா தெரியவில்லை.

ஏறும் முன் என் பையை வாங்கிக்கொண்டார். நான் படியேறிய பிறகு கையில் கொடுத்தார். கதவு மூடியது. அவர் அங்கேயே நின்றார்.